சேம அச்சும் பழைய பிக்கப்பும்

பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்கி, அதை நெடும்பயணத்துக்கு இசைவாக மாற்றிக்கொண்டு, வழியிலேயே சமைத்து வழியிலேயே உறங்கி நாடு சுற்றுவது இன்று தனிப் பண்பாடாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேர்கொண்ட இந்த ஈடுபாடு நம் ஊர்ச் சாலைகளிலும் கிளை பரப்பத் தொடங்கியிருக்கிறது. தலைமேல் இரும்புச் சட்டம், சட்டத்தின்மேல் கூடாரம், முகப்பில் பத்து விளக்கு, லாரிக்குப் போட வேண்டிய பருமனில் நான்கு டயர் என்று அலங்கரித்த வண்டிகளைப் பார்க்கையில், திருவிழாவுக்குப் புறப்பட்ட சப்பரம் வழிதவறி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டதோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. சப்பரத்தைக் குறை சொல்வதற்கில்லை. அது ஊருக்குள் நான்கு வீதி சுற்றிவிட்டு நிலைக்குத் திரும்பிவிடும்.

இந்தக் கலையைச் செல்வர்களின் விளையாட்டுப் பொருளாக ஆக்கிவிட்டார்கள் என்பதே நம் வருத்தம். கையில் காசு குறைவாக உள்ளவன் செய்வதெல்லாம் அந்தச் செல்வரைப் பார்த்துச் செய்யும் மலிவுப் படி என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. உண்மையில் காலமுறை தலைகீழானது. தேவையால் வண்டியைத் திருத்திக்கொண்டு நெடுவழி சென்றவர்கள் முன்னோர். பொழுதுபோக்குக்காகச் செல்பவர்கள் அண்மையில் வந்து சேர்ந்தவர்கள். இதைத் தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல நாம் மெனக்கெடத் தேவையில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணர் வண்டியை நினைத்துக்கொண்டால் போதும்.

அந்த வண்டியை இலக்கிய நயத்துக்காகப் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். பட்டறைக்காரர் கண்ணால் பார்க்கத் தொடங்கியது பின்னர்தான். ஆரைப் புல்லால் வேய்ந்த கூரை. மழை தாங்கும், எடை இல்லை. கோழி அடையும் கூடு. உணவு கெடாமல் கூடவே வருகிறது. தொங்கவிட்ட சிற்றுரல்; ஆடினாலும் உடையாது, தரையில் இடம் அடைக்காது. கயிற்றால் பிணித்த காடிக் கலம். முழுமரத்தில் கடைந்த உருளி. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். இத்தனையும் ஒரு சரக்கு வண்டியில், உப்பு மூட்டைகளுக்கு மேலதிகமாக. புறநானூற்றின் 102ஆம் பாட்டிலோ ஒளவையார் இன்னும் ஒன்றைச் சேர்க்கிறார். மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று உமணர் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சு அது. பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடுகிறார். அரசகுமரன் ஒருவனைப் புகழ யானையும் சிங்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒரு உதிரிப்பாகத்தைத் தேர்ந்தெடுத்த புலவரின் துணிவு எண்ணிப் பார்க்கத்தக்கது. வழியில் வண்டி முறிந்து நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அதில் துணிவு ஒன்றும் தெரியாது, இயல்பாகவே இருக்கும்.

நாங்கள் நால்வர். தமிழ்த்துறையில் இருவர், இயற்பியலில் ஒருவர், நூலகர் ஒருவர்; நால்வரில் இருவர் பெண்கள். நாமக்கல் வட்டாரத்தில் வாழ்பவர்கள். உப்பு விளையும் நிலங்களைத் தரைவழியே ஒரே தொடராகப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. குஜராத்தின் சிறிய ரண், கட்ச் வெள்ளை ரண், ராஜஸ்தானின் சாம்பார் ஏரி, பிறகு நம் கரையோர மரக்காணமும் வேதாரணியமும். உமணர் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய கட்டுரைகள் போதும் என்ற சலிப்பும் அதில் கலந்திருந்தது. நால்வரின் சேமிப்பையும் கூட்டிப் பார்த்தபோது புதிய வண்டி கனவிலும் இல்லை என்பது தெளிவாயிற்று. பழைய பொலேரோ கேம்பர் ஒன்றை வாங்கினோம். முன்னால் இரட்டை வரிசை இருக்கை, பின்னால் குட்டையான திறந்த தொட்டி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண வகை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைப் பற்றி ஆயிரம் அறிவுரைகள் உண்டு. எங்களுக்குப் பயன்பட்டது ஒன்றே: வண்டி இதுவரை எதைச் சுமந்தது என்று கேளுங்கள். மீன் ஏற்றிய வண்டியில் உப்புநீர் வடிந்து தொட்டியின் அடியும் சேஸின் குறுக்குச் சட்டங்களும் உள்ளிருந்தே அரித்திருக்கும்; மேலே பெயிண்ட் பளபளக்கும். உர மூட்டை சுமந்ததும் அப்படியே. செங்கல், எம்-சாண்ட் சுமந்ததென்றால் ஸ்பிரிங் பட்டைகள் களைத்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் ஒரு வாய்ப்பு உண்டு: முட்டை ஏற்றிய வண்டி. முட்டை ஏற்றி ஓட்டியவர் பள்ளத்தில் வேகமாக இறக்கியிருக்க மாட்டார். பிரேக்கைத் திடீரென மிதித்திருக்க மாட்டார். ஓட்டுநரின் பத்தாண்டுப் பொறுமை அந்த வண்டியின் மூட்டுகளில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்படியொன்றுதான் எங்களுக்கு வாய்த்தது.

இனிச் செலவு. மொத்தம் 1,40,000 ரூபாய் ஒதுக்கினோம், அதைத் தாண்டவில்லை. பிரேக், கிளட்ச், சக்கரப் பேரிங், ஸ்பிரிங் புஷ், ரேடியேட்டர் துப்புரவு, ஹோஸ்கள், பெல்ட்டுகள், கசிவு அடைப்பு ஆகியவற்றுக்கு 58,000. ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களுக்கு 31,000. பின்தொட்டியில் வைக்கும் மேடைக்கும் பெட்டிகளுக்கும் 24,000. இரண்டாம் பேட்டரி, சிறு சூரியத் தகடு, மின்கம்பி வேலைக்கு 15,000. தார்ப்பாய், கூடாரம், தண்ணீர்க் கேன்கள், அடுப்புக்கு 12,000. முதலிரண்டும் சேர்ந்து 89,000. அதாவது செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, படம் எடுத்தால் தெரியாத இடத்தில் போயிற்று. வண்டியைப் பார்க்க வந்த நண்பர்கள், "என்ன மாற்றியிருக்கிறீர்கள்? எல்லாம் பழையபடிதானே இருக்கிறது?" என்று கேட்டார்கள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

இவ்விடத்தில் எம் கருத்தைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். குறைந்த பணம் உள்ளவன் செய்யத்தகாத முதற்காரியம் பெரிய டயர் போடுவதும் வண்டியை உயர்த்துவதும்தான். இயற்பியல் நண்பர் இதைக் கரும்பலகை இல்லாமலே விளக்குவார். டயரின் விட்டம் பத்து விழுக்காடு கூடினால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி பத்து விழுக்காடு கூடுதல் தூரம் போகிறது. வேகமானியில் 60 என்று காட்டும்போது உண்மை வேகம் 66. எஞ்சினுக்கு ஏற்றத்தில் மூச்சு முட்டும். பல்லிணை முழுவதுமே உயர்ந்துவிட்டதற்குச் சமம் அது. பிரேக்கோ அதே பழைய பிரேக். ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் நீண்ட நெம்புகோலாகிவிட்டது. வண்டியை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் கூடவே ஏறுகிறது. மலைவளைவில் அதற்குரிய விலையைக் கேட்கும். கூரைமேல் கூடாரமும் டீசல் கேன்களும் அடுக்கிச் சென்ற ஒரு குழுவின் வண்டி, கொண்டையூசி வளைவில் பக்கவாட்டில் சாய்ந்த கதையை நேரில் கேட்டிருக்கிறோம். உயிர்ச்சேதம் இல்லை. கூரைமேல் இருந்த எதுவும் அவர்களுக்கு இன்றியமையாததாக இருக்கவில்லை என்பது அவர்களே சொன்னது.

எடையைப் பற்றி மேலைநாட்டுக் கையேடுகள் சொல்வதை இங்கே அப்படியே கொள்ளக்கூடாது என்றும் கண்டோம். அங்கே வீட்டுப் பயன்பாட்டுக்கான மென்மையான பிக்கப்பில் வசதிகளைக் குவித்து, அதன் தாங்கும் அளவை மீறிவிடுகிறார்கள். பிறகு ஸ்பிரிங்கை வலுப்படுத்தச் செலவழிக்கிறார்கள். நம் சரக்குப் பிக்கப் பிறக்கும்போதே மூட்டை சுமக்கப் பிறந்தது. அதன் பட்டைகள் பாரத்துக்காக அமைந்தவை; வெறும் வண்டியாக ஓட்டினால் முதுகெலும்பை எண்ணிவிடலாம். ஆகவே எங்கள் சிக்கல் நேர்மாறானது: அளவான எடையைச் சரியான இடத்தில் எப்படி வைப்பது? தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அறுபது லிட்டர் கேன்களைத் தொட்டியின் முன்சுவரையொட்டி, பின் அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக வைத்தோம். கருவிப் பெட்டியும் இரண்டாம் பேட்டரியும் அதனருகே. தலையணையும் துணியும் பின்னோரத்தில். பின்டயர்க் காற்றைச் சுமைக்குரிய அளவிலிருந்து குறைத்து, தயாரிப்பாளர் இலேசான சுமைக்குச் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தோம். காசில்லாமல் கிடைத்த சுகம் அது. பட்டை ஒன்றை உருவிவிட்டால் மெத்தென்று போகும் என்று பட்டறையில் சொன்னார்கள். சுமை தாங்கும் அளவைக் குறைத்துக்கொண்டு பெறும் மென்மை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

எல்லாம் ஏற்றியபின் நால்வரும் உட்கார்ந்தபடியே வண்டியை எடைமேடையில் ஏற்றினோம். அரிசி ஆலைக்கும் கல்குவாரிக்கும் பக்கத்தில் இருக்கும் அந்த எடைமேடையில் வாங்கும் தொகை ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக் கூடக் காணாது. முன்சக்கரம் மட்டும் ஒருமுறை, முழுவண்டி ஒருமுறை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் தீர்ந்தது. பல லட்சம் செலவழித்து வண்டியை மாற்றியவர்களிடம் எடை என்ன என்று கேட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலும் சிரிப்பே விடை.

சட்டத்தைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசுவது நேர்மையாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்று அமையும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இசைவில்லாத மாற்றத்துக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முகப்பில் பொருத்தும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தத் தடுப்பு, மோதும்போது நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதியை விறைப்பாக்கிவிடும்; நடந்துபோகிறவரின் மேல் பட்டால் அவர் நிலை சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தைப் பயண விரும்பிகள் பலரும் சபிக்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லப்போனால் காசில்லாதவர்களுக்கு அது நண்பன்.

ஏனெனில், எங்கள் வண்டியில் எதையும் நிலையாகப் பொருத்தவில்லை. ஒரு துளைகூடப் போடவில்லை. ஸ்கொயர் பைப்பில் சட்டம் அடித்து, அதன்மேல் பிளைவுட் பலகை வைத்து, கீழே மூன்று இழுப்புப் பெட்டிகள் வருமாறு ஒரு மேடை செய்தோம். தொட்டியில் ஏற்கெனவே உள்ள கொக்கிகளில் டர்ன்பக்கிளும் நைலான் பெல்ட்டும் கொண்டு இறுக்கினோம். அது வண்டியின் உறுப்பு இல்லை, வண்டி சுமக்கும் சரக்கு. சரக்கு வண்டி சரக்கைச் சுமப்பதில் யாருக்கு என்ன தடை? இரண்டு பேர் பிடித்தால் கால்மணி நேரத்தில் இறங்கிவிடும், எஃப்.சி. காட்டப் போகும் நாளில் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நிற்கும். தொட்டி குட்டை என்பதால் மேடையில் ஆள் நீட்டிப் படுக்க முடியாது. எனவே நிறுத்தியபின் பின்கதவைச் சாய்த்து, அதன்மேல் விரியும் மடிப்புப் பலகை ஒன்றைக் கீல் வைத்துச் சேர்த்தார் தச்சர். இருவர் அங்கே, இருவர் தரைக் கூடாரத்தில். ஓடும்போது தொட்டியில் ஒருவரும் ஏறுவதில்லை. சரக்குத் தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டத்துக்கும் உயிருக்கும் எதிரானது.

இன்னும் இரண்டு ஆறுதல்கள் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு அதே சட்டத்தின் 66ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. எங்கள் வண்டி அதற்குள் அடங்கியது. இலகுரக வண்டி உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017இல் வந்த தீர்ப்பை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல்சாசன அமர்வும் ஏற்றது. மஞ்சள் பலகை வண்டியை ஓட்ட ஆசிரியர்களுக்குத் தகுதி உண்டா என்று நூலகர் எழுப்பிய ஐயம் இவ்வாறு தீர்ந்தது.

மேலைநாட்டார் இந்த மரபின் தொடக்கமாக 1955-56இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை போனதைச் சொல்வார்கள். நல்ல பயணந்தான், டிம் ஸ்லெசர் எழுதிய நூலும் சுவையானது. எனினும் பல நிறுவனங்களின் ஆதரவோடு போனவர்கள் அவர்கள். அமெரிக்க இலக்கிய வாசகர்கள் ஸ்டைன்பெக்கைச் சொல்வார்கள். 1960இல் புதிய ஜி.எம்.சி. பிக்கப் ஒன்றை வாங்கி, தொட்டியில் சிறு வீட்டைப் பொருத்தி, டான் குவிஹாட்டேயின் குதிரைப் பெயரான ரோசினாந்தே என்று அதற்குப் பெயரிட்டு, சார்லி என்ற நாயுடன் நாடு சுற்றினார். அந்த வண்டி சலீனாசில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தில் நிற்கிறது. (அவர் பல இரவுகளை விடுதிகளிலும் நண்பர் வீடுகளிலுமே கழித்தார் என்று பின்னாளில் ஓர் இதழாளர் வழித்தடத்தைத் துருவித் துருவி எழுதினார். நமக்கு அதில் ஏமாற்றம் இல்லை. அறுபதை நெருங்கும் மனிதர் மெத்தையில் படுக்கட்டுமே.)

ஆனால் பழைய வண்டி, குறைந்த பணம், நெடுவழி என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அதே ஸ்டைன்பெக்கின் வேறொரு வண்டியே நமக்கு நெருக்கமானது. 1939இல் வந்த 'கோபத்தின் கனிகள்' நாவலில் ஜோடு குடும்பம் பழைய ஹட்சன் கார் ஒன்றை வாங்கி, அதன் பின்பாதியை அறுத்து, சரக்குத் தொட்டி பொருத்தி, பதின்மூன்று பேராக ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறது. அவ்வண்டியைத் தேர்ந்தவன் ஆல் என்ற இளைஞன். வழி நெடுக அவன் எஞ்சினின் ஒலியைக் காதால் அல்ல, உடம்பால் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறான். வண்டி நின்றுவிட்டால் தன் தெரிவு பொய்த்துவிடும் என்ற அச்சம் அவனை விட்டு நீங்குவதில்லை. வழித்துணையான குடும்பத்தின் வண்டியில் கனெக்டிங் ராடு பேரிங் போய்விட, உடைவண்டிக் கிடங்கில் பழைய பாகம் தேடி வாங்கி, சாலையோரத்திலேயே டாமும் ஆலும் பொருத்துகிறார்கள். அந்தப் பக்கங்களை வகுப்பில் நடத்தும்போது வறட்சியையும் வங்கிகளையும் வர்க்கத்தையும் விரிவாகப் பேசுவோம். பேரிங்கைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். பழுதுநீக்கும் அறிவு ஒரு குடும்பத்தின் கடைசிச் சொத்தாக மிஞ்சுவதைக் காட்டுவது அந்த இடம். அதை இனித் தாண்ட முடியாது.

அந்த அறிவு எங்கள் பக்கத்து ஊரிலேயே குவிந்து கிடக்கிறது. கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிக்கு, திருச்செங்கோட்டிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். திருச்செங்கோட்டு ரிக்குகள் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போகின்றன. மாதக்கணக்கில் ஊர் திரும்பாத பணியாளர்கள் துணை லாரியிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, மொழி தெரியாத ஊர்களில் பிழைத்து வருகிறார்கள். நாட்டின் மிகத் தேர்ந்த நெடுவழிப் பயணிகள் அவர்களே என்பது நம் துணிபு. இறக்குமதிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்காத விடைகள் அவர்களிடம் கிடைத்தன. தண்ணீர்க் கேனை எந்தப் பக்கம் கட்டினால் வெயில் குறைவு? சாலையோரத்தை நோக்கிய இடப்பக்கம் அடுப்பு. தண்ணீரும் அங்கேதான், சமைப்பவர் போக்குவரத்துக்கு முதுகு காட்டலாகாது. பருப்பை எப்படி ஊறவைப்பது? காலையில் மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு வண்டியோடு ஓடவிடு, மாலைக்குள் பாதி வெந்த மாதிரி. ஃபிரிட்ஜ் வேண்டாமா? புளிக்காய்ச்சல் எதற்கு இருக்கிறது! ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பெரிய பேட்டரி வேண்டாம், பெரிய சூரியத் தகடு வேண்டாம், அவற்றின் எடையும் வேண்டாம். ஓர் ஆசையை விட்டால் மூன்று செலவு குறைகிறது.

அவர்களிடம் கிடைக்காத விடை ஒன்றே: கழிப்பிடம். ரிக்கில் பெண்கள் இல்லை. இந்தக் கலையைப் பற்றி எழுதும் ஆண்கள் பக்கம் பக்கமாக விளக்குகளையும் மின்னிழுவைகளையும் விவரிக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு வரி காண்பது அரிது. எங்கள் பட்டியலில் முதல் வரியாக இதை எழுதியவர்கள் எங்களில் உள்ள இரு பெண்களே. ஆளுயர மடிப்புக் கூடாரம், மூடியுள்ள வாளி, மரத்தூள், சிறு மண்வெட்டி, கைகழுவக் குழாய் வைத்த கேன். 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. அது இல்லாவிட்டால் பயணமே இரண்டு ஆண்களின் பயணமாகக் குறுகியிருக்கும். பெரும்பாணாற்றுப்படையின் வண்டியில் எருது ஓட்டுபவள் கைக்குழந்தைக்காரி என்பதை மறந்துவிட்டு நெடுவழிப் பயணத்தை மீசை முறுக்கும் கலையாக்கியது எப்போது?

பழைய வண்டியின் மேல் சொல்லத்தக்க குற்றம் இல்லாமல் இல்லை. புகை உண்மை. பிரேக் தொழில்நுட்பமும் காற்றுப்பையும் புதிய வண்டிகளில் உயிர் காக்கின்றன. பழையதில் அவை இல்லை. 2021இல் அறிவித்த வாகனக் கழிவுக் கொள்கையையும், பதினைந்து ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்ந்த தகுதிச்சான்றுக் கட்டணத்தையும் வெறும் வணிகச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட நாம் தயாரில்லை. என்றாலும் ஆண்டைக் கொண்டு வண்டியை அளப்பது, வயதைக் கொண்டு ஆசிரியரை அளப்பது போன்றதே. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடி, ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி.யில் புகையும் பிரேக்கும் தேறும் வண்டியை உடைத்து, அதற்கு ஈடாக ஒரு டன்னுக்கு மேல் புதிய எஃகை உருக்குவது எந்தக் கணக்கில் சிக்கனம்? வேறோர் இழப்பும் உண்டு. கணினி இல்லாமல், காதாலும் விரலாலும் பழுது கண்டு சரிசெய்யும் பட்டறைகள், சரிசெய்யத்தக்க வண்டிகள் இருக்கும்வரைதான் இருக்கும். விஜயபுராவைத் தாண்டி சோலாப்பூர்ச் சாலையில் எங்கள் ஃபேன் பெல்ட் அறுந்தது. இருக்கைக்கடியில் மாற்றுப் பெல்ட் இருந்தது. அதுவே எங்கள் சேம அச்சு. ஆனால் டைனமோவின் தாங்குசட்டமும் விரிசல் விட்டிருந்தது. சாலையோர வெல்டிங் பட்டறைக்காரருக்கும் எங்களுக்கும் பொதுமொழி இல்லை. அவர் சட்டத்தைக் கழற்றி, பற்றவைத்து, உள்பக்கம் ஒரு தகட்டை ஒட்டுப்போட்டுக் கொடுக்க ஐம்பது நிமிடம் ஆனது. 300 ரூபாய் கேட்டார். இன்றும் அதே சட்டம்தான்.

இருபத்திரண்டு நாள், 5,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிறிய ரண்ணில் அகரியா மக்கள் மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு பாலைக்குள் போய், நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்தி கட்டி, வேனில் முடியும்வரை அங்கேயே வாழ்கிறார்கள். அந்நிலத்தின் மேல்தோல் காய்ந்திருக்கும், அடியில் சேறு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் போகாதீர்கள் என்று எச்சரித்திருந்தார்கள். உப்பு லாரிகள் போய்வந்த தடத்தை விட்டு விலகாமல், டயர்க் காற்றைக் குறைத்துக்கொண்டு, விடியற்காலையில் மெல்லப் போனோம். அந்த லாரிகளும் பின்சக்கரம் மட்டும் இழுப்பவைதாம். உப்புப் பாத்தியருகே ஒரு குடும்பம் தந்த தேநீரைப் பற்றியும், அவர்கள் காலைப் பற்றி எங்களில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பதைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டும், இங்கே இடமில்லை.

ரண்ணின் உப்பு வண்டியையும் சும்மா விடவில்லை. திரும்பி வந்ததும் அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினோம். இரண்டு நாள் இடைவெளிவிட்டு மறுபடியும். ஆயினும் பின் குறுக்குச் சட்டத்தின் மடிப்பில் ஓரிடத்தில் துரு பூத்திருக்கிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்த பட்டறைக்காரர், அறுத்து ஒட்டுப்போட வேண்டிய அளவுக்கு இல்லை, சுரண்டிச் செவ்வீயப் பூச்சு அடித்தால் இரண்டு ஆண்டு தாங்கும் என்கிறார். இயற்பியல் நண்பர் ஒப்பவில்லை; அறுத்துவிட வேண்டும் என்கிறார். வேதாரணியத்துக்குப் புறப்படுமுன் எஃப்.சி. நாள் வருகிறது. அதற்குள் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.